சாரலின் இடது முன்னங்கால்

ஆடி மாதம் கொற்கைப் பக்கம் நடந்த குதிரை வண்டிப் பந்தயத்தில் சாரல் விழுந்தபோது, அதன் சொந்தக்காரர் குமரகுருபரன் பந்தயம் முடியும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அது விழுந்ததை அவர் பார்க்கவில்லை. முதல் வண்டி வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டிக்கொண்டு வந்தன. நான்காவது வந்து அதன் தூசி அடங்கிய பிறகும் சாரல் வரவில்லை. பைக்கில் வந்த ஒருவர், "அண்ணாச்சி, ஒங்க செவலை வளைவுல கீழ கெடக்கு" என்றார். குமரகுருபரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஐம்பத்து நாலு வயது, கொஞ்சம் தொப்பை, நில அளவைத் துறையில் சர்வேயர் உத்தியோகம். அவர் அப்படி ஓடி முப்பது வருஷம் இருக்கும். வழியில் செருப்பு எங்கே கழன்றது என்றே தெரியவில்லை.

வளைவில் பக்கத்து வண்டியின் சக்கரம் இடித்து, சாரல் இழுத்த வண்டி குடைசாய்ந்திருந்தது. அதை ஓட்டிய சாரதி முகம்மது மைதீன் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் மறு தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். குமரகுருபரன் அவரைத் தாண்டிக் குதிரையிடம் போனார். சாரல் எழுந்து நின்றுவிட்டது. ஆனால் இடது முன்னங்காலை ஊன்றவில்லை. குளம்பின் நுனி தார் ரோட்டைத் தொட்டும் தொடாமலும் நடுங்கியது.

அந்தக் குதிரையை அவர் வாங்கியதே வீட்டில் யாரும் எதிர்பாராத காரியம். நான்கு வருஷத்துக்கு முன்னால், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரம், தென்காசிப் பக்கம் நிலம் அளக்கப் போன இடத்தில் ஒரு வேலியோரம் அது சாரலில் நனைந்துகொண்டு நின்றது. கழுத்தை ஒருதரம் சிலுப்பி அவரைப் பார்த்தது. அதற்கு முன் ஒரு ஸ்கூட்டர் வாங்கவே ஆறு மாதம் யோசித்தவர், ஒரே வாரத்தில் குதிரையை வாங்கிவிட்டார். மனைவி அனுராதா பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் பள்ளி விட்டு வரும்போது ஒரு பை நிறையக் கேரட் வாங்கி வந்தார்.

விழுந்த மறுநாள் கால்நடை டாக்டர் ஜெமிமா பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கேன் கருவியோடு வந்தார். கருப்பந்துறையில் ஆற்றை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில்தான் சாரலின் லாயம். அங்கே குத்தவைத்து, குதிரையின் காலில் கருவியை மேலும் கீழும் ஓட்டி, சின்னத் திரையைக் குமரகுருபரன் பக்கம் திருப்பினார்.

"எலும்பு தப்பிச்சிருச்சு அண்ணாச்சி. முட்டிக்குக் கீழ பின்பக்கமா ஓடுத நரம்பு கிழிஞ்சிருக்கு. இந்தக் கருப்பு ஓட்டை தெரியுதா? அது மூடணும்."

"எத்தன நாளு ஆகும்?"

"நாள் கணக்கே கெடையாது. பத்து மாசம். ஒரு மாசம் லாயத்தை விட்டு வெளிய வரக் கூடாது. அப்புறம் பைய நடத்துங்க, மொத வாரம் அஞ்சு நிமிஷம், அடுத்த வாரம் பத்து. காலையில ஆத்துல எறக்கி ஓடுத தண்ணியில நிப்பாட்டுங்க. சித்திரை கழியாம வண்டியில பூட்டி ஓட விடக் கூடாது."

"மருந்து?"

"மாத்திரை ஒரு வாரத்துக்கு எழுதியிருக்கேன். அதுக்கு மேல மருந்து இல்ல." போகும்போது ஒன்று சொல்லிக் கொடுத்தார். "தெனம் புறங்கையால ரெண்டு முன்னங்காலையும் தொட்டுப் பாருங்க. எடது சுட்டுச்சுன்னா ஒடனே எனக்கு போன் பண்ணுங்க."

பத்து மாதக் கணக்கைக் குமரகுருபரன் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி லாயத்துச் சுவரில் ஒட்டினார். காலை ஐந்தரைக்கு வந்து காலைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அதுதான் அவரைப் படுத்தியது. குதிரைகூட நிம்மதியாக வைக்கோலை மென்றுகொண்டு நின்றது. அவரால் நிற்க முடியவில்லை. லாயத்தைச் சுற்றி நடப்பார், அலுவலகம் போவார், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்துத் திரும்ப வந்து தொட்டுப் பார்ப்பார். மானூர்ப் பக்கம் ஒரு வயலை அளந்தபோது ஒரு எல்லைக் கல்லையே விட்டுவிட்டு, மறுநாள் மறுபடி போய் அளந்தார். அவர் உத்தியோகத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

சாமி கும்பிடுவதோடு சரி, மற்றபடி ராகு காலம் எமகண்டம் பார்க்கிற ஆள் இல்லை அவர். ஆவணியில் ஒரு நாள் காலின் வீக்கம் வற்றியிருந்தது. அன்று அவர் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். டாக்டர் அடுத்த தடவை வந்தபோதும் அதையே போட்டுக்கொண்டார். அதற்கடுத்த தடவை அது துவைக்கக் கிடந்தது. கூடையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். பிறகு லாயத்து வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. சாரலின் கழுத்தில் கறுப்புக் கயிறு ஏறியது. "ஓடும்" என்ற வார்த்தையை அவர் முன்னால் யாரும் சொல்லக் கூடாது என்றானது. யாராவது "இனி நல்லா ஓடும்" என்றால் உடனே மரத்தைத் தேடித் தொடுவார். அலுவலகத்தில் ஒருவர் பந்தயத்துக்கு முன் வந்து "என்ன பாய்ச்சல்வே இது" என்று வாயைப் பிளந்திருந்தார். அவர் கண் பட்டதுதான் எல்லாம் என்று முடிவு செய்து, அவர் உட்காரும் அறை வழியாகப் போகாமல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

"பல்லி சத்தம் போட்டா நோட்டுல குறிச்சு வைக்கீங்களாமே?" என்று அனுராதா கேட்டார்.

"யாரு சொன்னா?"

"நோட்டே சொல்லுது. டைனிங் டேபிள்லதான் கெடக்கு. கிழக்கு, ரெண்டு தரம், நல்லது. இதை எங்க லேப்ல எழுதினா பிள்ளைங்க சிரிக்கும்."

"சும்மா இருக்க முடியல அனு" என்றார் அவர். அது உண்மை என்பது அவர் முகத்திலேயே இருந்ததால் அனுராதா நோட்டை மூடி வைத்துவிட்டுப் போனார்.

மைதீனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. புரட்டாசியில் கட்டு அவிழ்த்ததும் லாயத்துக்கு வந்துவிட்டார். முப்பத்தெட்டு வயது, மெலிந்த ஆள். சாரல் அவருக்கு மட்டும்தான் கட்டுப்படும். வேறு யார் கடிவாளத்தைப் பிடித்தாலும் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு நிற்கும். மைதீன் தினமும் அதை ஆற்றில் இறக்கி நிறுத்தினார், நடத்தினார், தட்டிக் கொடுத்துப் பேசினார். கார்த்திகையில் ஆற்றில் செந்தண்ணீர் புரண்டு படித்துறை முழுகியபோது, இருபது நாள் வாளியில் தண்ணீர் மொண்டு காலில் ஊற்றினார். குமரகுருபரனுக்கு அவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. "இன்னைக்குக் கால் எப்படி இருக்கு மைதீன்?" ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டார்.

மார்கழி ஸ்கேனில் கருப்பு ஓட்டை பாதிக்கு மேல் மூடியிருந்தது. அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. பாதி மூடியது நின்று போய்விட்டால் என்ன செய்வது? அந்தக் கவலையில்தான் அவர் சுடலைவடிவைக் கூப்பிட்டார்.

சுடலைவடிவு மேலப்பாளையம் மாட்டுச் சந்தையில் சுழி பார்க்கிற அம்மாள். மாட்டின் உடம்பிலோ குதிரையின் உடம்பிலோ மயிர் சுழன்று படிந்திருக்கும் இடங்களைப் பார்த்து, அது வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடுவார். ஆட்டோவில் வந்து இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாரலை மூன்று சுற்றுச் சுற்றினார். அப்புறம் இடது முன்னங்காலின் முன்னால் குனிந்து நின்றுவிட்டார்.

"வெலங்கு சுழி கெடக்கு, பாத்தியளா? முட்டிக்குக் கீழ. வெலங்கு மாட்டுன காலு எங்கன ஓடும்?"

"நாலு வருசமா ஓடுச்சே."

"ஓடுச்சு. இப்பம் என்ன ஆச்சு?"

குமரகுருபரன் சாரலின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"வித்திருதியளா?"

"விக்க மாட்டேன்."

"அப்பம் இந்தாங்க." மடிப்பையிலிருந்து ஒரு எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தார். "நல்லமிளகும் ஒரு கொடியும் போட்டுக் காச்சினது. ஓட விடுததுக்கு மொத நாளு சாயங்காலம் அந்தக் கால்ல நல்லா தேச்சு விடுங்க. வெலங்கு தெறிச்சிரும்."

டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. பாட்டிலைக் கொள்ளு மூட்டைக்குப் பின்னால் வைத்தார்.

தை மாதம் சாரலை வெறும் வண்டியில் பூட்டி நடத்தலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். பூட்டினார்கள். மைதீன் வண்டியில் ஏறவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். கால் மேல் பாரம் ஏற்றக் கூடாது என்று ஜாக்கிரதையாக இருக்கிறார் என்று குமரகுருபரன் நினைத்துக்கொண்டார்.

அந்த நடையைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இன்னும் இருப்புக் கொள்ளவில்லை. சாரல் தலையை ஆட்டிக்கொண்டு, வாலை உயர்த்திக்கொண்டு, ஓட இடம் கேட்பது போல நடந்தது. சேரன்மகாதேவிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் மாசித் திருவிழாவுக்குப் பந்தயம் என்று நோட்டீஸ் வந்தது. சித்திரை கழிய இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. அவர் நோட்டீசை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் போனார்.

ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் ஓட விடலாம், சிவப்பு வந்தால் கூடாது. சந்நிதியில் வைத்துக் கும்பிட்டு, அங்கே நின்ற ஒரு அம்மாளை எடுத்துத் தரச் சொன்னார். சிவப்பு வந்தது. சரியாக மனசை ஒருமுகப்படுத்தவில்லை என்று நினைத்து மறுநாள் போனார். சிவப்புதான் வந்தது. அன்று அஷ்டமி, நாள் சரியில்லை. வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவை போனார். வெள்ளை வந்தது. படிக்கட்டில் இறங்கும்போதே விழாக் குழுவுக்குப் போன் செய்து பெயர் கொடுத்துவிட்டார்.

"முருகன் சரின்னுட்டான் மைதீன்" என்று மட்டும் சொன்னார். எத்தனையாவது தடவை என்று சொல்லவில்லை. மைதீன் குதிரையின் பிடரியைக் கோதிக்கொண்டே, "சரி அண்ணாச்சி" என்றார். அனுராதாவிடம் பேட்டையில் ஒரு அளவை வேலை என்று சொல்லி வைத்தார்.

பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பாட்டில் எண்ணெயை முழுக்கத் தேய்த்தார். மறுநாள் விடிந்ததும் சாரலை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். பத்தமடையில் நான்கு பெண்கள் நிறைகுடத்தோடு எதிரே வந்தார்கள். சேரன்மகாதேவி தாண்டும்போது கோயில் மணி அடித்தது. வயலுக்கு மேலே கருடன் ஒன்று வட்டம் போட்டது. குமரகுருபரன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நீலக் கட்டச் சட்டையில்தான் இருந்தார். இத்தனை நல்ல சகுனம் ஒரே காலையில் வந்து அவர் பார்த்ததில்லை. மைதீன் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தார்.

பந்தய இடத்தில் எட்டு வண்டிகள் நின்றன. ஒலிபெருக்கியில் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குமரகுருபரன் பழக்கத்தில் குனிந்து புறங்கையை வைத்தார். வலது கால் குளிர்ச்சியாக இருந்தது. இடது காலில் வைத்தார். சூடாக இருந்தது. கையை எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சந்தேகமே இல்லை.

"சுடுதா?" என்று மைதீன் கேட்டார். குமரகுருபரன் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

"சுடுது."

மைதீன் அவரையே பார்த்தார்.

லாரியில் வந்த அலுப்பாக இருக்கலாம். வெயிலில் நின்றதாக இருக்கலாம். முருகன் சரியென்று சொல்லியிருக்கிறான். இப்படியெல்லாம் ஐந்து நிமிஷம் அவர் தனக்குள் வாதாடினார். சாரல் மூக்கை அவர் முதுகில் வைத்துத் தள்ளியது. பக்கத்துக் குதிரைகள் கனைக்கும் போதெல்லாம் அதன் காது விறைத்தது. அதற்கு ஓட ஆசை. அவருக்கும் ஆசை. ஆனால் இடது கால் சூடாக இருந்தது. ஏழு மாதம் தினமும் தொட்ட கால் அது. கையால் பார்த்ததை இல்லையென்று சொல்ல அவரால் முடியவில்லை. விழாக் குழுவிடம் போய் வண்டியை விலக்கிக்கொள்வதாகச் சொன்னார்.

ஒலிபெருக்கியில் அதை அறிவித்ததும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "சர்வேயரே, குதிரையை அளந்து பாத்துட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று ஒருவர் கத்தினார். குமரகுருபரன் தலை நிமிரவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது மைதீன் குதிரையை லாரியில் ஏற்றிக் கட்டிவிட்டு, "நான் பஸ்ஸுல போறேன் அண்ணாச்சி" என்று நடக்க ஆரம்பித்திருந்தார். மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. பந்தயத்துக்கு வந்து ஓட்டாமல் திரும்பியது அவருக்கு அவமானமாக இருந்திருக்கும் என்று குமரகுருபரன் நினைத்தார்.

டாக்டர் ஜெமிமா வந்து காலை முகர்ந்து பார்த்தார். அப்புறம் குமரகுருபரனை முறைத்தார்.

"என்னத்த தேச்சீங்க?"

கொள்ளு மூட்டைக்குப் பின்னாலிருந்து காலிப் பாட்டில் வெளியே வந்தது. டாக்டர் அதை முகர்ந்து, தும்மிவிட்டு, ஸ்கேன் எடுத்தார்.

"நல்லமிளகு தோலைப் பொசுக்கியிருக்கு. அதான் சூடு. உள்ள நரம்பு நல்லா இருக்கு. ஓட்டை முக்காலுக்கு மேல மூடிருச்சு."

குமரகுருபரன் சுவரில் சாய்ந்தார். "அப்ப அன்னைக்கு ஓடியிருக்கலாமா டாக்டர்?"

"ஓடியிருக்கக் கூடாது. ஆறுன நரம்பு இன்னும் பிஞ்சு. ஒண்ணும் ஆகாமயும் இருந்திருக்கும். அறுந்தும் போயிருக்கும். எனக்கே தெரியாது. அதனாலதான் சித்திரை கழியட்டும்னு சொன்னேன். ஒங்களுக்கு எதுக்கு இந்த அவசரம்?" கோபத்தில் பெட்டியை மூடியவர், முகம் சுருங்கி நின்ற மனிதரைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்தார். "சரி. சோத்துக் கற்றாழை தடவுங்க. வேற எதையும் தடவாதீங்க."

அன்று சாயங்காலம் அனுராதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். பேட்டை அளவை பொய் என்பதிலிருந்து ஆரம்பித்தார். அனுராதா விடைத்தாள் திருத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"முருகன்ட்ட கேட்டேன் அனு. பூக்கட்டிப் பாத்தேன்."

"எத்தன தடவ?"

"மூணு."

"ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லியிருக்காரு. மூணாவது தடவ, இந்த ஆளு விட மாட்டான்னு அலுத்துப் போயி சரின்னிருப்பாரு." சிரித்துவிட்டுப் பிறகு சிரிப்பை நிறுத்தினார். "எங்கிட்ட பொய் சொல்லிட்டுப் போனீங்க பாருங்க, அதுக்குத் தனியா பேசிக்கிடுதேன். மைதீன் எங்க? நாலு நாளா ஆளையே காணல."

"கோவத்துல இருக்காருன்னு நெனைக்கேன்."

"அவருக்குத் தோள் எப்படி இருக்கு?"

"சரியாயிட்டே. வேலைக்கு வந்தாரே."

"சரியாயிட்டுன்னு அவரு சொன்னாரா? நீங்க கேட்டீங்களா?"

குமரகுருபரன் யோசித்தார். புரட்டாசியிலிருந்து மாசி வரை யோசித்துப் பார்த்தார். கேட்டதாக ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை.

மேலப்பாளையத்தில் மைதீனின் வீடு ஒரு நீண்ட சந்தின் கடைசியில் இருந்தது. மைதீன் கைலியைச் சரி செய்துகொண்டு எழுந்து நாற்காலி போட்டார். உள்ளேயிருந்து டீ வந்தது. குமரகுருபரன் கப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "கோவமா மைதீன்?" என்றார்.

"எனக்கா? கோவமா?" மைதீன் ஆச்சரியப்பட்டது நிஜமாக இருந்தது. "அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க சுடுதுன்னு சொன்னீங்கல்லா, எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு."

"என்னவே சொல்லுதீரு?"

மைதீன் உள்பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வண்டியில ஏறி உக்காந்தாலே அந்த வளைவு கண்ணுக்குள்ள வருது. சக்கரம் முட்டுத சத்தம் கேக்கு. கை ரெண்டும் கூதல்ல நிக்க மாதிரி ஆடுது. அதான் வண்டியில ஏறாம நடந்தே ஓட்டுனேன். ஏழு மாசமா வீட்லகூட சொல்லல. மாசியில ஓட விடணும்னு நீங்க சொன்னதும் பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்குப் போயி நேந்துக்கிட்டேன்."

"குதிரைக்கா?"

"குதிரை நல்லா ஆகணும்னும் கேட்டேன். எப்படியாவது அந்தப் பந்தயம் நின்னு போவணும்னும் கேட்டேன். ரெண்டையும் ஒரே மூச்சுல கேட்டேன்." மைதீன் வெட்கத்தோடு சிரித்தார். "நின்னுட்டு. அதுக்கப்புறம் ஒங்க மொகத்தைப் பாக்க முடியல. அதான் வரல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"நீங்க கேக்கலயே அண்ணாச்சி" என்றார் மைதீன். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

குமரகுருபரன் டீக் கப்பைக் கீழே வைத்தார். வாய்க்கால் ஓரத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரைத் தாண்டித் தான் நடந்துபோனது அவர் கண் முன்னால் வந்தது. அந்த நேரம் மைதீன் நிமிர்ந்து பார்த்தாரா இல்லையா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

"வேற சாரதி பாத்துக்கிடுங்க" என்றார் மைதீன். "குதிரையை நான் பழக்கித் தாரேன்."

"பாக்க மாட்டேன்."

"அப்பம் அது எப்ப ஓடுதது?"

"தெரியாதுவே. நாளைக்கு லாயத்துக்கு வாரும்."

மறுநாளிலிருந்து இருவரும் சேர்ந்து வண்டியில் ஏறினார்கள். குமரகுருபரன் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் நாள் தோப்பு வாசலிலிருந்து தார் ரோடு வரை போனதும் மைதீன் இறங்கிவிட்டார். முகமெல்லாம் வியர்வை. குமரகுருபரனும் இறங்கிக் கூடவே நடந்தார். மறுநாள் கொஞ்சம் கூடுதலாகப் போனார்கள். நான்காம் நாள் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டியபோது மைதீன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்த வேகத்தில் சாரல் பின்வாங்கியது. அதற்கப்புறம் ஒரு வாரம் வண்டிப் பக்கமே அவர் போகவில்லை. எத்தனை நாளில் இது சரியாகும் என்று கட்டம் போட்டு எழுதக் குமரகுருபரனுக்குக் கை துறுதுறுத்தது. அதற்கு யாரைக் கேட்டு எழுதுவது?

சித்திரை முடிந்தது. டாக்டர் ஜெமிமா கடைசி ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இனி ஓடலாம்" என்றார். இந்தத் தடவை மரத்தைத் தொட வேண்டும் என்றுகூடக் குமரகுருபரனுக்குத் தோன்றவில்லை. குதிரை தயாராக நின்றது. ஆள் தயாராகவில்லை. அந்தப் பதினைந்து நாள்தான் பத்து மாதத்திலும் அவருக்கு மோசமான நாட்கள். சாரல் கொட்டகையில் காலை மாற்றி மாற்றித் தரையைத் தட்டியது. அவர் வீட்டில் ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஒரு நல்ல சாரதியின் எண்ணை ஒருவர் கொடுத்தார். அதை ஒரு பகல் முழுக்கப் பையில் வைத்துக்கொண்டு திரிந்து, சாயங்காலம் போன் செய்து, மறுமுனையில் "சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்டதும், "தப்பா போட்டுட்டேன்" என்று வைத்துவிட்டார். மைதீனிடம் பந்தயம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. காலையில் பார்த்ததும், "தோள் எப்படி இருக்குவே? ராத்திரி தூங்கினீரா?" என்று கேட்டார். சில நாள் மைதீன் "தூங்குனேன்" என்றார். சில நாள் "இல்ல" என்றார்.

வைகாசி பிறந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகியிருக்கும். ஆற்றிலிருந்து சாரலைக் கரையேற்றிக்கொண்டே மைதீன், "மணிமுத்தாறு ரோட்டுல கோயில் கொடைக்குப் பந்தயம் வச்சிருக்காங்களாம். பேர் குடுத்திருங்க" என்றார்.

"ஒமக்கு?"

"பயம் இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வண்டியில ஏறுனா இப்ப கை நிக்கி." கையை நீட்டிக் காட்டினார். ஆற்றுத் தண்ணீர் சொட்டியது. விரல்கள் லேசாகத்தான் ஆடின. "ஓட்டிப் பாப்போம் அண்ணாச்சி. முடியலன்னா வளைவுலயே எறங்கிருவேன்."

"எறங்கிரும். நான் அங்கனதான் நிப்பேன்."

அந்தப் பந்தயத்துக்கு அனுராதாவும் வந்தார். முதல் தடவை. குமரகுருபரன் நீலக் கட்டச் சட்டையைத்தான் போட்டிருந்தார். அதை அனுராதா பார்த்தார், பார்க்காதது போல இருந்துவிட்டார். அவரை முடிவு எல்லையில் நிற்கச் சொல்லிவிட்டு, குமரகுருபரன் ஒரு பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய், பாதி தூரத்தில் இருந்த பெரிய வளைவில் இறங்கிக்கொண்டார். தூரத்தில் மாஞ்சோலை மலை மேகத்துக்குள் கிடந்தது. சாலையின் இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

முதலில் தூசி தெரிந்தது. பிறகு மணிச் சத்தம். ஏழு வண்டிகளில் சாரல் மூன்றாவதாக வந்தது, கழுத்தை நீட்டிக்கொண்டு, வெயிலில் செம்பு போல. வளைவு நெருங்கியதும் மைதீன் கடிவாளத்தை இழுத்தார். வேகம் சட்டென்று குறைந்தது. பின்னால் வந்த இரண்டு வண்டிகள் அவரைத் தாண்டிப் போயின. ஒன்று மிகவும் ஒட்டிப் போனது. கூட்டம், "ஏலே, விரட்டுலே!" என்று கத்தியது. குமரகுருபரன் அப்போது குதிரையின் காலைப் பார்க்கவில்லை. மைதீனின் கைகளைத்தான் பார்த்தார். அவை கடிவாளத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தன. முகம் வெளுத்திருந்தது. இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தார்.

"மைதீன்! பைய! பைய போரும்வே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பந்தயத்தில் பையப் போகச் சொல்லிக் கத்திய சொந்தக்காரர் அவராகத்தான் இருக்கும். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மைதீன் திரும்பவில்லை. கேட்டதோ என்னவோ. வண்டி வளைவைப் பைய எடுத்து, நேர் ரோட்டுக்கு வந்ததும், நெஞ்சோடு இருந்த கைகள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நீண்டன. சாரலுக்கு அது போதுமாக இருந்தது. வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் பாய்ந்தது. அடுத்த நொடி மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

அதற்கப்புறம் எதுவும் தெரியவில்லை. திரும்பக் கொண்டுபோக ஒரு பைக்கும் கிடைக்கவில்லை. குமரகுருபரன் சாலை நடுவில் அங்குமிங்கும் நடந்தார். போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். கடைசியில் அது அடித்தபோது அனுராதாவின் குரலை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. வகுப்பில் சத்தம் போடும் பிள்ளைகளை வெளியே அனுப்பும் டீச்சர், சந்தைக்கடையில் கத்துவது போலக் கத்திக்கொண்டிருந்தார்.

"மூணாவது! ஏங்க, மூணாவது! ரெண்டு வண்டியைக் கடைசியில தாண்டிட்டாங்க! கேக்குதா? நல்லா நிக்கி, கால் நல்லா ஊனி நிக்கி! மைதீனும் நல்லா இருக்காரு!"

ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது, மைதீன் சாரலின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் சட்டையும் முழுக்க நனைந்திருந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

"வளைவுல பயந்துட்டேன் அண்ணாச்சி."

"பாத்தேன்."

"அதுக்கப்புறம் நான் ஒண்ணும் செய்யல. அதுவா ஓடுச்சு. நான் சும்மா உக்காந்திருந்தேன்."

"நானும் அங்கன சும்மாதான்வே நின்னேன்" என்றார் குமரகுருபரன். சொல்லிவிட்டு மைதீனின் நனைந்த தோளில், முறிந்து சேர்ந்த அந்தப் பக்கத்தில், கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

தொண்டை கட்டிப்போன அனுராதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தலைமுடியெல்லாம் தூசி.

"அடுத்த பந்தயம் எப்ப?" என்று கேட்டார். "ஆனியில ஒண்ணு இருக்காமே. பேர் குடுப்பமா?"

"எனக்குத் தெரியாது அனு" என்றார் குமரகுருபரன். "மைதீன்ட்ட கேளு."